யாருக்குக் கை தட்டுவது? டர்பன் தமிழர் நினைவில் நிற்கும் ஆட்டங்கள்

நீங்கள் நேரில் பார்த்ததிலேயே மறக்க முடியாத ஆட்டம் எது என்று எங்கள் தாத்தாவிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நீல் ஹார்வி. 1950 ஜனவரி, டர்பன் கிங்ஸ்மீட் மைதானம், தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட். தென்னாப்பிரிக்கா முதலில் 311 ரன் எடுத்தது. அப்புறம் ஹியூ டேஃபீல்டின் சுழலில் ஆஸ்திரேலியா 75 ரன்னுக்குச் சுருண்டது, டேஃபீல்டுக்கு 23 ரன்னில் 7 விக்கெட். பாலோ ஆன் கொடுக்காமல், அதாவது ஆஸ்திரேலியாவை உடனே மறுபடி ஆட வைக்காமல், தென்னாப்பிரிக்கா தானே மறுபடியும் பேட்டிங் செய்து 99 ரன்னில் ஆட்டம் இழக்க, ஜெயிக்க 336 வேண்டும் என்ற நிலையில் இறங்கிய ஆஸ்திரேலியாவைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவர் ஹார்வி. கடைசிவரை அவுட் ஆகாமல் 151. தாத்தா இதைச் சொல்லி முடிக்கும்போது தன்னை அறியாமல் இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டு தட்டுவார்.

தோற்றது அவர் பிறந்து வளர்ந்த நாடு. அவர் கை தட்டியது எதிரணிக்கு. சின்ன வயதில் எனக்கு இது புரிந்ததே இல்லை. ஆனால் டர்பனில் எங்கள் தலைமுறையைச் சேர்ந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வீட்டுத் தாத்தாவும் இப்படித்தான் இருந்திருப்பார். அந்தக் கைதட்டல் எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் ஊரின் விளையாட்டு நினைவுகளைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா நகராட்சித் தொழிலாளி. இருந்தது மேகசின் பாரக்ஸில், சோம்ட்சூ ரோடு ஓரத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்காக நகராட்சி கட்டிய வரிசை வீடுகளில். தமிழும் தெலுங்கும் நிறைந்த இடம் அது. அங்கிருந்து கிங்ஸ்மீட் நடை தூரம்தான். மைதானத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் உட்கார ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள், காசு கொடுத்தாலும் அதற்கு வெளியே உட்கார முடியாது. உள்ளே ஆடுகிற தென்னாப்பிரிக்க அணியில் வெள்ளையர் மட்டுமே இருக்கலாம். அந்த அணி இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர வேறு யாரோடும் டெஸ்ட் ஆடியதில்லை. 1970 வரை இந்தியாவோடும் பாகிஸ்தானோடும் வெஸ்ட் இண்டீஸோடும் ஒரு டெஸ்ட்கூட கிடையாது. ஆக வந்து ஆடினவர்களும் வெள்ளையர்தான். தாத்தா தட்டியது ஹார்வியின் நிறத்துக்கு அல்ல. உன் அணியில் எனக்கு இடமில்லை என்றால் உன் வெற்றியிலும் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி அது. ஓட்டு இல்லை, பேச இடம் இல்லை, கை இருந்தது. அதே 1950இல்தான் ஒவ்வொரு இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் வசிக்க வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்தது, பின்னால் மேகசின் பாரக்ஸ் காலி செய்யப்பட்டு எங்கள் குடும்பம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய புறநகரான சாட்ஸ்வர்த்துக்கு வந்தது அதன்படிதான். கிங்ஸ்மீட் நடை தூரத்தில் இல்லாமல் போனது அப்போதுதான்.

1970 பிப்ரவரியில் அதே மைதானத்தில் கிரேம் பொல்லாக் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 274 ரன் அடித்தார், பாரி ரிச்சர்ட்ஸ் 140. உலகமே கொண்டாடும் இன்னிங்ஸ் அது. தாத்தா பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். "பிரமாதமான ஆட்டம்தான், கை மட்டும் எழும்பவில்லை" என்பார். அழகை அழகு என்று ஒத்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நம்மவர் ஒருவர் ஜெயித்தபோது என்ன நடந்தது? இதற்குப் பதில் 1963 ஜனவரியில் இருக்கிறது, அது கிரிக்கெட் அல்ல, கோல்ஃப். பாப்வா செவ்கோலும் டர்பனில் பிறந்தவர், தமிழர் இல்லை, ஆனால் இந்த ஊரில் அந்தக் கணக்கை யாரும் பார்த்ததில்லை, அவர் எங்கள் பாப்வா. பணக்காரர்களின் கோல்ஃப் பையைச் சுமந்து பிழைத்தவர். வலக்கைக்காரர்கள் எல்லாரும் மட்டையை இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள், அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார், சொல்லித்தர ஆள் இல்லாமல் தானாகக் கற்றுக்கொண்டவரின் பிடி. அந்தப் பிடியோடு ஐரோப்பா போய் 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பன் பட்டம் வாங்கினார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனில் முதலிடம் அவருக்குத்தான். பரிசளிப்பு நேரத்தில் மழை. வெள்ளை ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள்ளே நிற்க, ஜெயித்தவர் உள்ளே வரக்கூடாது என்பதால் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து ஒதுக்க வேண்டும் என்று பேசியவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. 1965இல் உலகப் புகழ் பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் கேரி பிளேயரே ஆடிய நேட்டால் ஓப்பனில் அவரையும் முந்திப் பாப்வா மறுபடி ஜெயித்தார். அதற்குப் பிறகு அரசாங்கம் அவருக்கு அனுமதி தருவதையே நிறுத்திவிட்டது, ஆடவும் முடியாது, வேடிக்கை பார்க்கக்கூட முடியாது. 1978இல் ஏழையாகவே இறந்தார். இன்று டர்பனில் அவர் பெயரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மழைதான் ஞாபகம் வருகிறது, மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

மறக்க முடியாத தருணம் என்றால் ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மறக்க முடியாத ஆட்டம் நடக்கவே இல்லை. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ். சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள், விஜயும் ஆனந்தும், அந்த ஆண்டு இந்திய அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோய்விட்டார்கள். வழியில் ஆஸ்திரேலியாவைக் கல்கத்தாவில் தோற்கடித்திருந்தார்கள். எதிரே இறுதிக்கு வந்தது தென்னாப்பிரிக்கா, அதுவும் அர்ஜென்டினா ஆட மறுத்ததால் ஒரு படி சுலபமாக ஏறி வந்தது. இந்திய அரசு ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது, டேவிஸ் கோப்பையில் அந்த நாட்டின் பெயர் இருப்பது அந்த ஒரே ஒரு ஆண்டில்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு வரிச் செய்தி. இங்கே இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா, அதனால் இந்தியாவிலிருந்து புடவையோ மசாலாவோ சினிமாவோ எது வந்தாலும் சுற்று வழியில்தான் வரும். அந்தத் தூரத்துக்கு நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு விலை கொடுத்தோம். ஆனால் உலகக் கோப்பைக்குச் சமமான ஒன்றைக் கைக்கு எட்டிய தூரத்தில் இருவர் விட்டுக்கொடுத்தது, அதுவும் தமிழ்நாட்டுப் பையன்கள் என்பது, அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்த மாதிரி இருந்ததாம். அவருக்கு அப்போது 27 வயது. மைதானத்துக்கே போகக்கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்த வருஷம்.

ஏனென்றால் அப்பா தலைமுறைக்கு எதிரணிக்குக் கை தட்டுவது போதவில்லை. 1973இல் தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றமான சாகோஸ் உருவானது. சமுதாயமே கோணலாக இருக்கும்போது விளையாட்டு மட்டும் நேராக இருக்க முடியாது என்பதுதான் அவர்கள் வாதம். இனப் பிரிவினை விளையாட்டில் ஆடவும் கூடாது, அதற்கு எந்த விதத்திலும் துணை போகவும் கூடாது. தாத்தா கிங்ஸ்மீடில் தனியாக ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவுக்குத் தட்டியதும் அப்பா பார்வையில் டிக்கெட் வாங்கிய குற்றம்தான். இரண்டு பேருக்கும் இதில் சண்டை வந்து ஆயா இடையில் புகுந்து சாப்பாடு போட்ட கதைகள் நிறைய உண்டு. அப்பா போனது கரீஸ் ஃபவுன்டனுக்கு மட்டும்தான். டர்பனில் எங்கள் சனங்களின் கால்பந்து எல்லாம் அங்கேதான், வாரக் கடைசியில் ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌ வாங்கிக்கொண்டு போனால் இருட்டும்வரை திரும்ப மாட்டார்கள். அரசியல் கூட்டமும் அங்கேதான், 1974 செப்டம்பரில் மொசாம்பிக் விடுதலை இயக்கத்துக்கு ஆதரவாகக் கூடிய கூட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்ததும் அதே இடத்தில். விளையாட்டும் அரசியலும் வேறு வேறு என்று யாராவது சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புரியாது, இரண்டுக்கும் ஒரே வாசல்.

மேகசின் பாரக்ஸில் பிறந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சாம் ராம்சாமி. உடற்பயிற்சி ஆசிரியர், 1972இல் நாட்டை விட்டுக் கிளம்பி லண்டனில் இருந்துகொண்டு, தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கிலிருந்து ஒதுக்கப் போராடிய சான்ராக் அமைப்பை நடத்தினார். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து 20க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் விலகியதே நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடியதற்காகத்தான், அந்த இயக்கத்தின் வீச்சு அவ்வளவு. இதையெல்லாம் நாங்கள் டிவியில் பார்த்திருப்போம் என்று நினைக்காதீர்கள், தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே 1976 ஜனவரி 5இல்தான் தொடங்கியது. மனிதன் நிலவில் கால் வைத்ததைக்கூட இங்கே யாரும் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லை. ரேடியோவும் பத்திரிகையும்தான். அப்படியே டிவி வந்தாலும், விளையாட்டு உலகம் கதவைச் சாத்தியிருந்த காலம் அது.

கதவு திறந்ததும் அதே ராம்சாமிதான் அணியை அழைத்துக்கொண்டு போனார், இதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். 1992 பார்சிலோனா, 32 ஆண்டுகளுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்கில் நடந்து வந்தது, பழைய கொடி இல்லாமல், பழைய கீதம் இல்லாமல். பெண்கள் 10,000 மீட்டரில் எத்தியோப்பியாவின் தெரார்த்து துலு தங்கம், தென்னாப்பிரிக்காவின் எலானா மேயர் வெள்ளி. ஓட்டம் முடிந்து இருவரும் கைகோத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். எங்கள் வீட்டில் அப்பா அன்று எதுவும் பேசவில்லை, டிவியையும் அணைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து இந்திய அணி வந்தது. 1992 நவம்பர் 13, கிங்ஸ்மீட். இந்தியா தென்னாப்பிரிக்க மண்ணில் ஆடும் முதல் டெஸ்ட். முதல் பந்திலேயே கபில்தேவ் வீச, ஜிம்மி குக் டெண்டுல்கரிடம் கேட்ச் கொடுத்து அவுட். எனக்கு 17 வயது, தாத்தாவுக்கு 72. அப்பா வரவில்லை. ஓட்டுரிமை வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அது வந்தது 1994 ஏப்ரலில்தான். சனிக்கிழமை நானும் தாத்தாவும் மட்டும் போனோம். இந்த முறை எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். தாத்தா நுழைந்ததும் பழைய இடத்தைப் பார்த்துத்தான் நடந்தார், நான் கையைப் பிடித்து வேறு பக்கம் அழைத்துப் போனேன்.

அன்றைக்கு நாங்கள் பார்த்தது கிரிக்கெட் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது, பார்க்கும்போது அது எங்களுக்குத் தெரியாது. 19 வயது டெண்டுல்கர் பந்தைப் பாயின்ட் பக்கம் தட்டிவிட்டு ஓடப் பார்த்தார், ஜான்டி ரோட்ஸ் பாய்ந்து எடுத்து எறிய, ஆண்ட்ரூ ஹட்சன் ஸ்டம்பைத் தட்டினார். நடுவர் சிரில் மிச்லி விரலைத் தூக்கவும் இல்லை, தலையை ஆட்டவும் இல்லை. காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். அதுவரை இப்படி ஒரு இழை வித்தியாசத்தில் ரன் அவுட் வந்தால் சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்குத்தான் போகும், கண்ணால் அதைப் பிடிக்க முடியாது என்பதால். இப்போது டிவி அறையில் உட்கார்ந்திருந்த மூன்றாவது நடுவர் கார்ல் லீபன்பெர்க் மெதுவாக ஓட்டிப் பார்த்து அவுட் என்றார். டெஸ்ட் கிரிக்கெட்டில் கேமராவைப் பார்த்துக் கொடுக்கப்பட்ட முதல் தீர்ப்பு அது. டெண்டுல்கர் 11. "எதுக்குடா நிக்கிறாங்க, என்ன ஆச்சு?" என்று தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். டிவியில் பார்த்துச் சொல்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இனிமே பார்த்துட்டுத்தான் சொல்லுவாங்க" என்றார். ஏனோ அதில் அவருக்கு ஒரு திருப்தி.

மறுநாள் பிரவீன் ஆம்ரே தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார், 103. தென்னாப்பிரிக்காவுக்குக் கெப்லர் வெசல்ஸ் 118, இரண்டு நாடுகளுக்காக டெஸ்ட் சதம் அடித்த முதல் ஆள் அவர். டெஸ்ட் டிரா. நான்காம் நாள் நவம்பர் 16. 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் தொகுதிக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கிய அதே தேதி. திட்டமிட்டு வைத்தார்களா என்று தெரியாது, எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது தற்செயல் இல்லை.

தாத்தா அன்று யாருக்குத் தட்டினார்? இந்தியாவுக்குத்தான். வெளியூர் அணிக்குத் தட்டும் கை, பாட்டன் ஊர் அணிக்குத் தட்டும் ஆசை, இரண்டும் முதல் முறையாக ஒரே பக்கம் சேர்ந்திருந்தன, பாவம் மனிதர் கை சிவக்கத் தட்டினார். ஆனால் நான் ஒன்றைப் பார்த்தேன். தென்னாப்பிரிக்க அணி இறங்கும்போது அவர்களில் ஒருவராக ஓமர் ஹென்றி வந்தார், 40 வயது, புதிதாகத் திரும்பிவந்த தென்னாப்பிரிக்காவின் டெஸ்ட் அணியில் வெள்ளையர் அல்லாத முதல் ஆள். தாத்தா எழுந்து நின்று அவருக்கும் தட்டினார். சுற்றி இருந்தவர்கள் பழைய கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1995 ரக்பி உலகக் கோப்பையில் மண்டேலா 6ஆம் எண் சட்டை போட்டு வந்ததை உலகமே சொல்லிவிட்டது, நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சட்டையில் இருந்த, வெள்ளையர் மட்டுமே ஆடிய காலத்து ஸ்பிரிங்பாக் மான் சின்னத்தை ஏற்றுக்கொள்ள எங்கள் வீட்டுக்கு இன்னும் பல வருஷம் ஆனது என்பது மட்டும் உண்மை. கால்பந்தில் சந்தோஷம் சீக்கிரமே வந்தது, 1996–97இல் நடந்த முதல் பிரீமியர் லீகை டர்பன் இந்தியர்கள் வளர்த்த மானிங் ரேஞ்சர்ஸ் ஜெயித்தபோது சாட்ஸ்வர்த்தில் தீபாவளிதான்.

2007 செப்டம்பர் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தலைமுறையின் குழப்பம் முழுவதும் அதில் இருக்கிறது. முதல் இருபது ஓவர் உலகக் கோப்பை. கிங்ஸ்மீடில் ஒரே வாரத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் சமன் ஆகி ஸ்டம்பில் பந்தை எறிந்து முடிவு செய்தார்கள், யுவராஜ் சிங் ஸ்டூவர்ட் பிராடின் ஓவரில் ஆறு சிக்ஸ் அடித்து 12 பந்தில் அரைசதம் எடுத்தார். அதற்கு மறுநாள், 20ஆம் தேதி, இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். இந்தியா 153. அரையிறுதிக்குப் போக தென்னாப்பிரிக்கா ஜெயிக்கக்கூட வேண்டாம், 126 எடுத்தால் போதும். சென்னை தினேஷ் கார்த்திக் ஸ்லிப்பில் பாய்ந்து கிரேம் ஸ்மித்தின் கேட்சைப் பிடித்தபோது என் ஒரு பக்கம் இருந்த தம்பி குதித்தான், இன்னொரு பக்கம் இருந்த தங்கை தலையில் கை வைத்தாள். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டுக் கூடை, இரண்டு நிறச் சட்டை. ஆர்.பி. சிங் 13 ரன்னில் 4 விக்கெட், தென்னாப்பிரிக்கா 116இல் நின்றது, சொந்த நாட்டில் நடந்த போட்டியிலிருந்து வெளியே. நான் இந்தியாவுக்குத் தட்டினேன். பத்து நிமிஷம் கழித்து பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். ஓட்டுப் போட்ட நாடு, வரி கட்டுகிற நாடு, எங்கள் டர்பனின் இந்திய வம்சாவளிப் பையன் ஹாஷிம் ஆம்லா ஏற்கெனவே டெஸ்ட் ஆடத் தொடங்கியிருந்த நாடு. தாத்தாவுக்குக் கை தட்டக் காரணம் இருந்தது. எனக்கு இருந்தது பழக்கம் மட்டும்தானா என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னையே கேட்டுக்கொண்டேன்.

இனி தென்னாப்பிரிக்க கிரிக்கெட் ஆட்டக்காரர் செனுரான் முத்துசாமி. டர்பனில் 1994இல் பிறந்தவர். குடும்பத்தின் வேர் நாகப்பட்டினம் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட், இந்தியாவுக்கு எதிராக, முதல் விக்கெட்டே விராட் கோலி, தன் பந்துவீச்சில் தானே பிடித்த கேட்ச். பேட்டிங்கில் இரண்டு இன்னிங்ஸிலும் அவுட் ஆகாமல் 33, 49. அப்படி ஆரம்பித்தவருக்குப் பிறகு பல வருஷம் சரியாக இடமே கிடைக்கவில்லை, எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. 2025 அக்டோபரில் லாகூரில் ஒரே டெஸ்ட்டில் 11 விக்கெட், ராவல்பிண்டியில் அவுட் ஆகாமல் 89, தொடர் நாயகன். அடுத்த மாதம் குவாஹாத்தியில் இந்தியாவுக்கு எதிராக டெஸ்ட்.

நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டில் அப்பா, நான், என் மகள். அப்பாவுக்கு 78. ஓட்டுரிமை வந்த பிறகும் அவர் கிங்ஸ்மீட் பக்கம் போகவில்லை, டிவியில் பார்ப்பார், பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். தாத்தா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. முத்துசாமி சதம் தொட்டபோது, ஹெல்மெட்டைக் கழற்றியபோது, சோபாவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அப்பா தட்டிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவுக்கு அவர் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முத்துசாமி 109, தென்னாப்பிரிக்கா 489.

மறுநாள் இந்தியா சரிந்துகொண்டே போனது, மார்கோ யான்சன் 6 விக்கெட். நடுவில் சென்னை வாஷிங்டன் சுந்தர் மட்டும் கொஞ்சம் நின்று ஆடி 48 எடுத்துவிட்டு அவுட் ஆனார். தென்னாப்பிரிக்காவுக்கு விக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் மகள் கத்தினாள். அப்பா அவளை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, சுந்தர் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போகும்வரை அவருக்கும் தட்டினார்.